நம்ம பையன் கடை

நம்மவர் கடைக்குச் சாப்பிடப் போனால் நாக்கை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

கோல சிலாங்கூரில் ஒரு தமிழ் இளைஞர் சின்னதாக இத்தாலிய சாண்ட்விச் கடை போட்டிருக்கிறார். போன மாதம் மதியச் சாப்பாட்டுக்கு நாலு பேர் போனோம். ஒன்று 24 ரிங்கிட். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மணிக்கு 8 ரிங்கிட் 17 சென். ஈஜோக் பக்கம் அந்தச் சம்பளத்துக்குச் செம்பனைக் குலை வெட்டுகிறவரின் ஏறக்குறைய மூன்று மணி நேர உழைப்பு அந்தத் தட்டில் இருந்தது. வந்தது என்ன? பேரங்காடி பாக்கெட் ரொட்டி, மஞ்சள் சீஸ் வில்லை, சில்லென்று கோழித் துண்டு. ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் மார்ஜரின். பலகையில் மட்டும் 'சியாபட்டா'.

"ரொட்டி காய்ஞ்சி போயிருக்கு ப்ரோ" என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். காரில் நண்பர்கள்தான் ஏசினார்கள்: "நம்ம பையன், ஆதரவு கொடுக்காம குறை சொல்றியே!" மூன்று பேரும் படம் போட்டு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள். மூன்று பேரில் ஒருவர்கூட மறுபடி அங்கே போகவில்லை. இதற்குப் பெயர் ஆதரவாம்.

சியாபட்டா பழங்காலத்துப் பண்டமில்லை. 1982-இல் வெனெட்டோ மாநிலத்து அட்ரியா ஊரில் அர்னால்டோ கவல்லாரி என்ற மாவு ஆலைக்காரர் உருவாக்கியது. பிரெஞ்சு பகெத் ரொட்டி இத்தாலியச் சந்தையைப் பிடிப்பதைப் பார்த்து, தண்ணீர் தூக்கலாகப் பிசைந்த மாவில் பலமுறை சுட்டுப் பார்த்துக் கொண்டுவந்த பதில் அது. வெளிநாட்டு ரொட்டியோடு போட்டி போட அவர் ரொட்டியைத்தான் மாற்றினார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் குறை சொல்வது புதுசில்லை. கல்யாணப் பந்தியில் பாட்டி, சமைத்தது சொந்த மருமகனே என்றாலும், "சாம்பார்ல உப்பு பத்தலடா" என்று பந்திக்கே கேட்கச் சொல்லும். அடுத்த கல்யாணத்துக்கும் அவரைத்தான் கூப்பிடும். லயத்துக்கு மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரர் பழைய ரொட்டி கொடுத்தால் மறுநாள் வாசலிலேயே விசாரணை. காசு கஷ்டப்பட்டு வந்தது. அதனால் வாய் திறந்தது. படித்து, நகரத்துச் சம்பளம் வாங்கிய பிறகு நமக்கு நாசூக்கு வந்துவிட்டது.

இந்த நாசூக்குதான் இலக்கியத்திலும் உட்கார்ந்திருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் வணிகத்துக்கு முதன்முதலாகச் செம்பனை நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே. மலாயாவை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு. துரை பார்த்த தோட்டம் பாரிஸ் வரை போனது. வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மண்ணை எழுதும்போது நாம் என்ன செய்கிறோம்? மண்டபம் எடுக்கிறோம். டத்தோ முதல் நூல் வாங்குகிறார். மாலை, உறை, வாழ்த்துரை, மீ கோரெங். 'சமுதாயம் ஆதரிக்க வேண்டும்' என்று எல்லோரும் பேசுகிறார்கள். நூலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"புதுசா எழுதுறவன் மனசை உடைக்காதே" என்பார்கள். படிக்காமல் பாராட்டுவதைவிட மனசை உடைப்பது வேறென்ன?

அடுத்த வெளியீட்டில் யாராவது எழுந்து, "மூணாவது அத்தியாயம் காய்ஞ்சி கிடக்கு" என்று சொல்லுங்கள். எழுதியவருக்குக் கோபம் வரும். வரட்டும். அந்த மண்டபத்தில் ஒருத்தராவது மூன்றாம் அத்தியாயம் வரை படித்திருக்கிறார் என்று அன்றைக்கு அவருக்குத் தெரியும்.