வயசானா வலிக்கத்தான் செய்யுமா?

மூட்டுவலிக்கு மருந்து வேண்டாம், இயற்கைக்குத் திரும்புங்கள் என்கிறார்கள். வார இதழ், தொலைக்காட்சி, இப்போது கைப்பேசி, எல்லாவற்றிலும் இதே பாட்டுதான். வெறுங்காலோடு மண்ணில் நட. சம்மணம் போட்டு உட்கார். குனிந்து பெருக்கு. அம்மியில் அரை. அந்தக் காலத்துப் பொம்பளைகள் இப்படி இருந்ததால் அவர்களுக்கு மூட்டுவலியே தெரியாதாம்.

எந்தக் காலத்து, எந்தத் தெருப் பொம்பளைகள்? எங்கள் காலனிக்கு வந்து பார்க்கட்டும். ஊர்த்தெருவில் செருப்புப் போடக் கூடாதென்று எங்கள் சனங்களை வெறுங்காலோடு நடக்க வைத்தார்கள். திண்ணையில் ஏறக் கூடாதென்று மண்ணில் உட்கார வைத்தார்கள். ஐம்பது வருசம் குனிந்து நாத்து நட்டு, களை பறித்து, கட்டு சுமந்தவர்கள் எங்கள் கெழவிகள். இவர்கள் சொல்கிற இயற்கை அத்தனையையும் வாழ்நாள் பூராவும் செய்து முடித்தாகிவிட்டது. இன்றைக்கு அவர்களால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை.

வயசானால் மூட்டு தேயும். மறுக்கவில்லை. ஆனால் வருசக்கணக்கில் குந்தி வேலை செய்தால், பாரம் தூக்கினால், முழங்கால் சீக்கிரமே போய்விடும் என்பது மருத்துவத்துக்குப் பழைய செய்தி. வயசு எல்லாருக்கும் ஒரே கணக்கில்தான் ஏறுகிறது. மூட்டு அப்படித் தேய்வதில்லை. வயலில் குனிந்தது யார், வரப்பில் குடை பிடித்து நின்றது யார் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் இந்த வலியை எப்படி இயற்கை என்பது?

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பண்ணைக் கூலிகளுக்குக் குட்டைப் பிடி போட்ட களைக்கொத்தைத்தான் கொடுத்தார்கள். பிடி ஒரு அடி, கொஞ்சம் கூட இருக்கும். மெக்சிகோவிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் வந்தவர்கள் நாள் முழுக்க மடங்கிக் கிடந்தார்கள். நிமிர்ந்தவன் யாரென்று மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். முதுகு போனவர்கள் வழக்காடினார்கள். 1975இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அந்த ஆண்டே குட்டைப் பிடி தடை செய்யப்பட்டது. இடுப்புவலிக்கு இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது: நீளமான பிடி. நம் தெருக்களைப் பெருக்குகிறவர்கள் கையிலிருக்கும் துடைப்பத்தின் நீளத்தை ஒருநாள் பாருங்கள் தோழர்களே.

இங்கே பிடியை நீட்டவில்லை. ஊசியைக் கொடுத்தார்கள். "ஒரு ஊசி போட்டாத்தான் நாளைக்கு வேலைக்குப் போவ முடியும்" என்று சொல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. வலி என்பது உடம்பு போடுகிற சத்தம், போதும் நிறுத்து என்று. ஊசி அதன் வாயைப் பொத்தி மறுபடி வயலுக்கு அனுப்புகிறது. அதில் லாபம் யாருக்கு?

அந்த ஊசிமருந்துகளில் ஒன்று டைக்ளோபினாக். அதை மாட்டுக்குப் போட்டார்கள். செத்த மாட்டைத் தூக்கிப் போட்டது நம் ஆட்கள். தின்று தீர்த்தது பிணந்தின்னிக் கழுகுகள். கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாய் மடிந்தன. 2006இல் மாட்டுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. சரியான வேலை. கழுகுக்கு ஆன அளவு அது மனுசனுக்கு விசமில்லை. ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள வயசான உடம்பில் வலி மாத்திரை, ஊசிகளை விடாமல் ஏற்றினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் இதயமும் கெடும். கழுகின் சிறுநீரகத்தைப் பார்த்த அரசு, கெழவியின் சிறுநீரகத்தை எப்போது பார்க்கும்?

நாட்டு மருந்து என்று பெயரில்லாத பொட்டலத்தில் வருகிற பொடியையும் நம்பாதீர்கள். ரெண்டே நாளில் வலி பறந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு உளுத்துப்போகும். ரொம்ப நாளாய்ச் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போகட்டும்.

அப்படியானால் எதுதான் உதவும்? காசு அதிகம் கேட்காதவைதான். திண்ணையில் உட்கார்ந்து ஒரு காலை நேரே நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்க வேண்டும். காலுக்குப் பத்துத் தடவை, தினமும். தொடைச் சதை உரமானால் முழங்காலின் பாரம் குறையும். உப்பு வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கலாம். கால் மரத்துப்போன சர்க்கரைக்காரர்களுக்குச் சூடு ஆகாது. தைலம் தேய்த்துவிட்டால் கொஞ்ச நேரம் இதம். படுத்தே கிடக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் நாள்பட்ட இடுப்புவலிக்குச் சொன்னதும் உடற்பயிற்சியைத்தான். இடுப்பு பெல்ட் வேண்டாம் என்றும் சொன்னது. காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இதெல்லாம் எளிதுதான். ஆனால் இதற்கு வேண்டியது ஓய்வு. ஓய்வுக்கு வேண்டியது காசு. நான் வங்கியில் எழுத்தர். பென்சன் வாங்க வருகிற கெழவிகள் வரிசையில் நின்று நின்று, முடியாமல் தரையில் குந்துவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிறவன். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. நாளைக்கு நாற்பது ரூபாய். அதை வைத்துக்கொண்டு எந்த முழங்காலுக்கு ஓய்வு கொடுப்பது? அதனால்தான் அறுபத்தஞ்சிலும் களை பறிக்கப் போகிறார்கள்.

நாற்காலி சின்ன விசயமில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணையே தரையில் உட்கார வைத்தது ஊரறிந்த சேதி. தலைவருக்கே அந்தக் கதியென்றால் கெழவிக்கு யார் போடுவார் நாற்காலி?

மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை மட்டுமில்லை, வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுப்பதும் உண்டு. அது உங்கள் காலனிக்குள் வந்ததா என்று கேளுங்கள். வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாலு பேர் சேர்ந்து போங்கள். உதவித்தொகை உயர, கூலி உயர, நீளமான பிடி கிடைக்கப் போராடுங்கள்.

நம் கூட்டங்களில் மேடையில் பத்து நாற்காலி, கெழவிகளுக்கு ஜமக்காளம். அடுத்த கூட்டத்தில் அதை மாத்திப் போடுங்க. பேசுறவங்க நின்னுக்கிட்டுத்தானே பேசப் போறோம்?