கைத்தொழில் பகுதி: கரியிழைக் குழாய்



தலைநகரின் மார்கழிக் குளிரைப் பற்றி நம் சங்கத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அக்குளிரும் என் அவசரமும் கூடி ஒரு நல்ல வேலையைக் கெடுத்த வரலாற்றை இம்மாதம் எழுதுகின்றேன்.

என் தங்கை மகன் பொறியியற் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயில்கின்றான். அவனும் அவன் தோழர்களும் பொழுதுபோக்காகச் சிறு ராக்கெட்டுகள் கட்டுகின்றனர். அட்டைக் குழாயில் அமைத்த முதல் ராக்கெட், வேகம் மிகுந்த கணத்தில் நடுவே மடங்கி வீழ்ந்தது. கரியிழையால் உறுதியான உடற்குழாய் ஒன்று செய்து வருவதாகத் தோழர்களுக்கு வாக்களித்துவிட்டு, தன் சேமிப்பில் இரண்டு குழாய்களுக்கு வேண்டிய துணியும் பிசினும் வாங்கிக்கொண்டு விடுமுறைக்கு எம் இல்லம் வந்தான். "மாமா, பதினைந்து நாளில் குழாயோடு திரும்ப வேண்டும்" என்றான்.

கார்பன் ஃபைபர் என்று கடைகளில் வழங்கும் கரியிழை யாது? எடிசன் 1879இல் பருத்தி நூலைக் கரியாக்கி விளக்கில் ஏற்றினார். ஆயினும் அவ்விழை எளிதில் ஒடிவது. வலிமை மிக்க கரியிழை பிறந்தது 1958இல். அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் அதன் ஆற்றலைக் கண்டார். பின்னர் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் செயற்கை நூலிலிருந்து அதனைச் செய்யும் முறையை வளர்த்தனர். ஓர் இழையின் விட்டம் ஏறத்தாழ 7 மைக்ரான். நம் தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு எனலாம். இழைகளைத் துணியாக நெய்து, எப்பாக்ஸிப் பிசினில் தோய்த்து, உருளைமேல் சுற்றி இறுகவிட்டால் குழாய் கிடைக்கும்.

நாங்கள் கருதிய குழாயின் விட்டம் 75 மில்லிமீட்டர். நீளம் 60 சென்டிமீட்டர். சுவரின் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அதற்கு நான்கு சுற்றுத் துணி வேண்டும். இதே அளவில் அலுமினியக் குழாய் 385 கிராம் இருக்கும். கரியிழைக் குழாயோ 210 கிராம் அளவில் அடங்கும்.

செய்முறை கேட்பதற்கு எளிது. வழவழப்பான அலுமினியக் குழாயை உள்ளே அச்சாகக் கொள்ள வேண்டும். பிசினையும் ஹார்டனரையும் செய்தவர் குறித்த விகிதப்படி தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும், கண்ணளவு உதவாது. கலவையைத் தூரிகையால் தடவிக்கொண்டே துணியைச் சுருக்கமின்றி இழுத்துச் சுற்ற வேண்டும். இழை நேராகக் கிடந்தால்தான் வலிமை. சுருண்டால் அவ்விடத்திலேயே குழாய் மடங்கும். பிசின் மிகுந்தால் எடை கூடுமேயன்றி உறுதி கூடாது. ஆதலின் சூடுபட்டால் சுருங்கும் நாடாவை மேலே சுற்றிச் சூடேற்ற, அது நெருக்கி மிகைப் பிசினை வெளியேற்றும்.

சுற்றத் தொடங்குமுன் தங்கை மகன், "மாமா, அச்சின்மேல் மெழுகு மட்டும் போதுமா?" என்று வினவினான். முப்பது ஆண்டு பட்டறையில் கழித்தவன் என்னும் செருக்கில், "போதும், போதும், நான் பார்க்காத வேலையா?" என்றேன். அன்றிரவு அறை குளிர்ந்து கிடந்தது. மறுநாளும் பிசின் பிசுபிசுத்தது. இறுக மூன்று நாளாயிற்று. அதன்பின் குழாயைக் கழற்ற முயன்றோம். இழுத்தோம், திருகினோம், மரச்சுத்தியால் தட்டினோம். அசையவில்லை. இறுதியில் வாளால் நெடுக அறுத்தே எடுத்தோம். பையன் ஒன்றும் சொல்லவில்லை. துணித் துண்டுகளைத் தாளில் மடித்து வைத்துவிட்டு உண்ணாமல் படுத்துவிட்டான். அவன் பழித்திருந்தால் எனக்கு அத்துணை வருத்தம் இராது.

மறுநாட் காலை, "நேற்றுப் பிழை செய்தவன் நான்" என்று அவனிடம் ஒப்புக்கொண்டேன். பின்னர் இருவரும் அமர்ந்து, சுற்றுவதைப் பற்றியன்று, கழற்றுவதைப் பற்றியே ஆராய்ந்தோம்.

அலுமினியம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். கரியிழையோ இழையின் நெடுக ஏறத்தாழ மாறுவதே இல்லை. 75 மில்லிமீட்டர் அலுமினியம் 40 பாகை குளிர்ந்தால் சுமார் 0.07 மில்லிமீட்டர் சுருங்கும். அந்த மயிரிழை இடைவெளியே நமக்குத் துணை. குளிர்ந்த அறையிலேயே இறுகவிட்டமையால் அத்துணையை நாங்கள் இழந்திருந்தோம்.

எஞ்சியது ஒரு குழாய்க்கான துணியே. இம்முறை அச்சின்மேல் முகப்பவுடர் தூவி, அதன்மேல் மைலார் தாளை ஒரு சுற்றுச் சுற்றி, ஓரத்தை ஒட்டி, மெழுகும் பூசினோம். துணியைச் சுற்றி முடித்ததும் மரப்பெட்டியொன்றில் இரண்டு பழைய இழைவிளக்குகளை மரத்தில் படாமல் தொங்கவிட்டு, வெப்பமானியை அருகில் வைத்து, 50 பாகையளவில் இரவு முழுவதும் முறைவைத்துக் காத்தோம். அடுத்த இரவு அதனை மாடித் தாழ்வாரத்துக் குளிரில் வைத்தோம். விடியலில் அவன் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைத் திருக, 'சர்' என்னும் ஓசையுடன் அச்சு வழுக்கி வந்தது. முன்பு பகையாயிருந்த அதே மார்கழிக் குளிர் இப்போது உதவிற்று.

இதனைச் செய்யப் புகும் இளைஞர்க்குச் சில எச்சரிக்கைகள். பிசின் தோலில் படப்பட ஒவ்வாமை தோன்றும், கையுறை இன்றியமையாதது. கலவையைக் கிண்ணத்தில் மிகுதியாகக் குவித்து வைத்தால் தானே கொதித்துப் புகையும். சித்திரை வெயிலில் இது விரைந்து நிகழும். கரியிழைக் குழாயை அறுக்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குத் தீது. மூக்குறை அணிந்து, ஈரம் செய்தே தேய்க்க வேண்டும். அத்தூள் மின்சாரம் கடத்துவதால் மின்கருவிகளின் அருகே பறக்கவிடலாகாது. கரியிழை வானொலி அலைகளையும் தடுக்கும். ஆதலின் ராக்கெட்டின் இருப்பிடம் அறிவிக்கும் கருவியைக் கண்ணாடியிழையாலான மூக்குப் பகுதியில் வைத்தல் நன்று.

யாவற்றினும் முக்கியமானது ஒன்று. 18ஆம் நூற்றாண்டில் மைசூர்ப் படையினர் வாண மருந்தை இரும்புக் குழாயில் அடைத்தமையால் அவை அக்காலத்து மற்ற வாணங்களினும் நெடுந்தொலைவு சென்றன. அக்குழாய் தீயையும் அழுத்தத்தையும் தாங்கியது. நாம் செய்வது அதுவன்று, வெறும் உடற்சட்டையே. இதனுள் மருந்தை நேரே அடைப்பது உயிருக்கே கேடு. உரிமமின்றி வெடிமருந்து செய்வது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றமுமாம். எரிபொறியும் ஏவுதலும் உரிய அனுமதியுடன் கல்லூரி ஆசிரியரின் மேற்பார்வையில் நடைபெறுவனவாகுக.

பதினான்காம் நாள் அவனை ரயிலேற்றினேன். குழாயைப் போர்வையில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டான். அறுத்த முதற்குழாயின் ஒரு பாதி என் மேசைமீது இருக்கின்றது. எதனையும் கட்டுமுன் கழற்றும் வழியை எண்ண வேண்டும் என்பதையும், இளையோர் வினவும்போது சற்றே நிற்க வேண்டும் என்பதையும் அது எனக்கு நாள்தோறும் நினைவூட்டுகின்றது.