செல்ஃபை அமுக்கும் முன் ஒரு நிமிடம்!

போன வாரம் ஒரு நாள், ராத்திரி பத்து மணி இருக்கும். அண்ணன் மகளிடமிருந்து போன்.

"சித்தப்பா, வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ஆபீஸ் பார்க்கிங்ல நிக்கிறேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"

அந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. 'பொம்பளப் புள்ளைக்கு ஸ்கூட்டர் போதாதா, பைக் எதுக்கு?' என்று மூன்று மாதம் மல்லுக்கு நின்றவர் என் அண்ணன். அவளோ சொந்தச் சம்பளத்தில் பழைய 150 சிசி பைக் ஒன்றை வாங்கிவிட்டாள். இப்போது அது பாதி ராத்திரியில் நின்றுபோனால், தோற்கப்போவது வண்டி இல்லை, அவள்தான்.

"எவ்வளவு நேரமா செல்ஃப் போடுற?"

"கால் மணி நேரமா. முதல்ல நல்லா சுத்துச்சு. இப்ப 'டிக் டிக்'னு சத்தம் மட்டும்தான் வருது."

"வலது கைப்பிடிப் பக்கம் சிவப்பா ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது எப்படி இருக்குன்னு பாரும்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சன்னமாக, "ஆஃப்ல இருக்கு சித்தப்பா..."

வண்டியை யாரோ நகர்த்தி வைத்தபோது கை பட்டிருக்க வேண்டும். அதற்குப் பெயர் கில் ஸ்விட்ச். சில வண்டிகளில் அது ஆஃபில் இருந்தால் செல்ஃபே சுற்றாது. அவளுடைய வண்டி மாதிரி சிலவற்றில் செல்ஃப் சுற்றும், இன்ஜின் மட்டும் உயிர் பெறாது. ஒரு விரல் தட்டினால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். அதற்குள் பேட்டரி இறங்கிவிட்டது.

புதிதாக பைக் ஓட்டும் பலருக்கும் இதுதான் நடக்கிறது. முதல் பழுது சின்னதாகத்தான் இருக்கும். பதற்றத்தில் செல்ஃபை அமுக்கி அமுக்கி இரண்டாவது பழுதை நாமே உண்டாக்கிவிடுகிறோம். அதனால், வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் கையை எடுங்கள். ஒரு நிமிடம் கண்ணுக்கும் காதுக்கும் வேலை கொடுங்கள்.

கண்ணால் பாருங்கள்

கில் ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா? நியூட்ரல் பச்சை விளக்கு எரிகிறதா? சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டீர்களா? ஸ்டாண்டு கீழே இருந்தால் இன்ஜினை ஓடவிடாத ஏற்பாடு இப்போது பல வண்டிகளில் உண்டு. கிளட்ச்சை முழுசாகப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். சில வண்டிகள் அதற்குத்தான் காத்திருக்கும்.

அடுத்து பெட்ரோல். மீட்டர் முள்ளை முழுசாக நம்ப வேண்டாம். டேங்க் மூடியைத் திறந்து, வண்டியை லேசாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளும்பும் சத்தம் கேட்க வேண்டும். மூடி திறந்திருக்கும்போது தீக்குச்சி, சிகரெட் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. பழைய வண்டி என்றால், டேங்குக்கு அடியில் உள்ள பெட்ரோல் டேப்பையும் பாருங்கள். ஆஃபில் இருந்தால் திருப்பிவிடுங்கள். பெட்ரோல் குறைவு என்றால் ரிசர்வில் போடுங்கள்.

காதால் கேளுங்கள்

சாவி போட்டும் ஒரு விளக்குகூட எரியவில்லையா? ஃப்யூஸ் போயிருக்கலாம், அல்லது பேட்டரி டெர்மினல் கழன்றிருக்கலாம். பெரும்பாலான வண்டிகளில் ஃப்யூஸ் பெட்டி பேட்டரி பக்கத்திலேயே இருக்கும், உள்ளே ஒரு ஸ்பேர் ஃப்யூஸும் வைத்திருப்பார்கள். அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினால் ஒயர் சூடாகித் தீப்பிடிக்கக்கூடும்.

'டிக் டிக்' சத்தம் மட்டும் வருகிறதா? ஹாரன் அடித்துப் பாருங்கள். சத்தம் நோஞ்சானாக இருந்தால் பேட்டரியில் தெம்பு இல்லை. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தாலும் கரண்ட் சரியாகப் போகாது. கிக்கர் இருந்தால் செல்ஃபை மறந்துவிட்டு உதையுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், பேட்டரி மேல் குற்றம் இல்லை. பெட்ரோல் போகவில்லை, அல்லது ஸ்பார்க் வரவில்லை. மழையில் நனைந்த வண்டி என்றால் ப்ளக் கேப் ஈரமாகியிருக்கலாம், தளர்ந்திருக்கலாம். சாவியை அணைத்து, இன்ஜின் சூடு ஆறிய பிறகு கேப்பைக் கழற்றித் துடைத்து, அழுத்தி மாட்டுங்கள்.

பழசா, புதுசா?

2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்த பிறகு வந்த பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். சாவியை ஆன் செய்ததும் 'ஊம்ம்' என்று இரண்டு மூன்று நொடி ஒரு சத்தம் வரும். அது பெட்ரோல் பம்ப். அந்தச் சத்தம் அடங்கிய பிறகு செல்ஃப் போடுங்கள். சத்தமே வரவில்லை என்றால், மெக்கானிக்கிடம் மறக்காமல் அதைச் சொல்லுங்கள். வண்டி கீழே விழுந்து எழுந்த பிறகு ஸ்டார்ட் ஆகவில்லையா? பயப்பட வேண்டாம். சாய்ந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் பல வண்டிகளில் இருக்கிறது. சாவியை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்.

கார்புரேட்டர் வண்டி குளிர்ந்த காலையில் முரண்டு பிடித்தால் சோக் போடுங்கள். ஓடத் தொடங்கியதும் சோக்கை எடுத்துவிடுங்கள். பல தடவை முயன்று பெட்ரோல் வாடை குப்பென்று வந்தால், உள்ளே பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். சோக்கை எடுத்துவிட்டு சில நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகிப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பிடித்துக்கொண்டதும் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள்.

எதைச் செய்தாலும் செல்ஃபை ஒரே மூச்சில் 5 நொடிக்கு மேல் அமுக்காதீர்கள். அடுத்த முயற்சிக்கு முன் 10 நொடியாவது ஓய்வு கொடுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? கியர் பைக் என்றால் இரண்டாவது கியரில், வண்டி நடமாட்டம் இல்லாத இடத்தில் செய்யலாம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அது நடக்காது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரி அடியோடு செத்திருந்தால் தள்ளியும் பெரும்பாலும் பலன் இருக்காது. பம்ப்புக்கே கரண்ட் வேண்டுமே!

இதற்கு மட்டும் கை வைக்காதீர்கள்

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டனால் காற்றைப் போலத் தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும். பெட்ரோல் சொட்டுகிற வண்டியையும் அப்படியே விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இருட்டான, ஆள் இல்லாத இடம் என்றால் முதலில் வெளிச்சத்துக்கு வாருங்கள். வண்டியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நம்ம கதைக்கு வருவோம். அவளுடையது கிக்கர் உள்ள கார்புரேட்டர் வண்டி. ஆனால் அவள் அதுவரை ஒருமுறைகூட கிக்கரை உதைத்ததில்லை. "வண்டியை நேரா நிறுத்தி, முழு வெயிட்டையும் காலுக்குக் கொடு" என்று போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். ஏழாவதோ எட்டாவதோ உதையில் 'டுபு டுபு' சத்தம் எனக்கே கேட்டது. "சித்தப்பா!" என்று அவள் கத்தியது அதைவிட நன்றாகக் கேட்டது.

அண்ணனுக்கு இன்னும் விஷயம் தெரியாது. அவர் இந்தப் பகுதியைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதியிருக்கிறேன். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!