காவல் உண்டென்று கண்ணயரலாமா?

நமது சங்கங்களின் பேரேடுகள் காகிதத்தை விட்டுக் கணினிக்குள் குடியேறி வருகின்றன. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. அங்கத்தினரின் பங்குத் தொகையையும் கடன் பாக்கியையும் தாங்கி நிற்கும் கணினித் தொகுதிக்குத் தரவுத்தளம் என்று பெயர். அதைப் பேணுபவர் தரவுத்தள நிர்வாகி. அவர் கை தவறி எதையும் அழித்துவிடாதபடி மென்பொருளிலேயே சில தடுப்புகள் உள்ளன. அத்தடுப்புகளை நம்பி அவர் இருந்துவிடலாமா என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த கேள்வி.

காகிதப் பேரேட்டில் ஒரு வரியை அடித்தால், அடித்த தடயமாவது எஞ்சும். கணினியில் அவ்வாறன்று. இன்ன அங்கத்தினரின் பதிவை நீக்குக என்று கட்டளையிட வேண்டியவர், இன்னார் என்னும் நிபந்தனையை எழுத மறந்தால், அந்த அட்டவணையிலுள்ள அனைவருடைய பதிவும் போய்விடும். மைஎஸ்கியூஎல் என்னும் மென்பொருளில், நிபந்தனையற்ற இத்தகைய கட்டளையை ஏற்க மறுக்கும் 'சேஃப் அப்டேட்ஸ்' என்ற ஏற்பாடு உண்டு. 'நான் ஒரு மடையன்' என்று பொருள்படும் மற்றொரு பெயரையும் அதனை ஆக்கியோர் அதற்குச் சூட்டியுள்ளனர். பெயர் நகைப்புக்குரியதாயினும், தவறாத கை உலகில் இல்லை என்னும் உண்மை அதில் அடங்கியிருக்கிறது. ஆதலின் தடுப்புகள் மனிதரைச் சோம்பேறியாக்கும், அவை வேண்டாம் என்பாருடன் நமக்கு உடன்பாடில்லை.

எனினும் தடுப்பின் எல்லையை அறிதல் வேண்டும். மேற்சொன்ன ஏற்பாடு, அட்டவணையையே அடியோடு நீக்கும் கட்டளையைத் தடுப்பதில்லை. ஒரு கணினியில் அதை அமைத்தவர் வேறொரு கணினியில் அமரும்போது அது அங்கே தானாக இராது. தடுப்புள்ள இடத்தில் பழகிய கை, தடுப்பில்லா இடத்திலும் அதே வேகத்தில் ஓடும். இனி, இரண்டாவது கணினியில் உடனுக்குடன் பிரதி ஏறுகிறதே என்று சிலர் ஆறுதல் கொள்வர். ஜக்கார்டு அட்டையில் துளை தவறினால், அதைக் கொண்டு நெய்யும் ஒவ்வொரு சேலையிலும் அத்தவறு விழுமன்றோ? அதுபோல, முதற்கணினியில் நேர்ந்த அழிவும் உடனுக்குடன் பிரதியில் ஏறிவிடும்.

மென்பொருள் ஆக்குவோரின் வேலைகளைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. இரவு நேரத்தில் பழுது நீக்கிக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணைக் கணினி என்று எண்ணி முதன்மைக் கணினியின் தரவுகளை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடிகளில் தவறை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் மட்டுமே மிஞ்சியது. அங்கே பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை, ஐந்து இருந்தன. அவற்றில் ஒன்றேனும் நம்பத்தக்கவாறு இயங்கவில்லை என்று அந்நிறுவனமே பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. தினந்தோறும் நகலெடுக்க வேண்டிய கருவி, தரவுத்தளத்தோடு பொருந்தாத பழைய பதிப்பாயிருந்தமையால் நகலே எடுக்கப்படவில்லை. அத்தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேராமல் நிராகரிக்கப்பட்டன. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன், வேறொரு சோதனைக்காக ஒருவர் எடுத்துவைத்திருந்த நகலே இறுதியில் கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்தின் பதிவுகள் மீளவில்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? காவல்கள் குறைந்தமையால் அன்று, அவற்றை எவரும் சோதித்துப் பாராமையால் வந்த கேடு அது. விதைநெல் குதிரில் நிறைந்திருக்கிறது என்று எந்த விவசாயியும் நிறைவு கொள்வதில்லை. ஒரு பிடி அள்ளி நனைத்துக் கட்டி, முளை கண்ட பின்னரே நாற்றங்காலுக்கு எடுத்துச் செல்கிறான். மீட்டுப் பாராத நகல், முளைப்புப் பாராத விதையே.

ஆகவே, தடுப்புகளை அமைத்துக்கொள்க. ஆனால் அவை இல்லை என்றே எண்ணிப் பணிபுரிக என்பது நிர்வாகிக்கு நாம் கூறுவது. அழிக்கும் அதிகாரம் மிகச் சிலரிடமே இருத்தல் வேண்டும். நகல் ஒன்றேனும் அலுவலகத்துக்கு வெளியே, பிற கணினிகளோடு தொடர்பின்றி இருத்தல் வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அந்நகலைத் தனிக் கணினியில் மீட்டு, பங்குத் தொகையின் கூட்டும் கடன் பாக்கியின் கூட்டும் நகலெடுத்த நாளின் கணக்கோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, முடிவை நிர்வாகக் குழுவில் படித்தல் வேண்டும்.

பெட்டியின் பூட்டு நல்ல பூட்டு என்பதற்காக ரொக்கத்தை எண்ணாது செல்லும் தணிக்கையாளர் நம்மிடையே இல்லை. அந்த நெறியையே கணினிக்கும் கைக்கொள்ள வேண்டுகிறோம். அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர் ஒவ்வொருவரும், "நகல் இருக்கிறதா?" என்று கேட்பதோடு அமையாது, "அதைக் கடைசியாக மீட்டுப் பார்த்த நாள் எது?" என்றும் கேட்பாராக. விடை கூற நிர்வாகிகள் தயங்குவராயின், அச்சங்கத்தின் கணக்கு இன்னும் காவலின்றியே இருக்கிறது என்று அறிக.