லோட் வந்தால் படம் வந்துவிட்டதா?

படங்கள் எல்லாம் வந்து சேர்ந்ததை அறிய விண்டோவின் லோட் நிகழ்வே போதும் என்று இன்றும் கற்றுத்தருகிறார்கள். போதாது. அது சொல்வது, எடுத்துவரும் முயற்சி முடிந்தது என்பதை மட்டும். முகவரி தவறி 404 ஆன படம் இருந்தாலும் அது எழும். லோடிங் பண்பில் லேசி என்று குறித்த படங்களுக்கு அது காத்திருப்பதில்லை. பின்னால் ஸ்கிரிப்ட் சேர்க்கும் படங்களோ அதன் கணக்கிலேயே இல்லை.

"அப்படியானால் ஒவ்வொரு படத்திலும் ஒரு லிசனரை மாட்டுங்கள்" என்பார்கள். என்னை அதிகம் அலைக்கழித்தது இந்த யோசனைதான். 20 படங்கள் கொண்ட தொகுப்புப் பக்கம் ஒன்றை எழுதினேன். 20 லோட் எண்ணியதும் சுழலும் வட்டம் மறைய வேண்டும். முதல்முறை திறந்தபோது மறைந்தது. மறுநாள் அதே பக்கத்தைத் திறந்தவர்களுக்கு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. படங்கள் கேஷிலிருந்து நொடியில் வந்துவிட்டன. என் ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்குவதற்குள் நிகழ்வு எழுந்து அடங்கியிருந்தது. தவறவிட்டவருக்காக அது இன்னொருமுறை எழாது. ஜெக்வெரி தன் லோட் முறைக்கு இதே எச்சரிக்கையை ஆவணத்தில் எழுதி வைத்திருந்தது, 3.0 பதிப்பில் அந்த முறையையே நீக்கியது.

கம்ப்ளீட் பண்பைப் பார்த்தால் தீர்ந்தது என்பது அடுத்த வாதம். பாதி சரி. உடைந்த படத்துக்கும் அது ட்ரூ என்றே சொல்லும். நேச்சுரல்விட்த் பூஜ்யமா என்று கூடவே பார்க்க வேண்டும். இன்னும் வராத படங்களுக்கு லோட், எரர் இரண்டையும் கேட்டு, எது வந்தாலும் ஒன்று என எண்ண வேண்டும். ஒரு படம் கெட்டதற்காக மற்ற 19 படங்களையும் வாசகரிடமிருந்து மறைத்து வைப்பது அநியாயம்.

லோட் வந்தவுடன் படம் திரையில் தெரிந்துவிடும் என்பதும் உறுதியில்லை. 4000க்கு 3000 புள்ளி உள்ள புகைப்படம் கோப்பாகச் சில எம்பிதான். விரித்தால், புள்ளிக்கு 4 பைட் வீதம், 4.8 கோடி பைட். எளிய போனில் அந்த விரிப்புக்கு நேரம் பிடிக்கும். அந்தக் கணத்தைப் பிடிக்கவே டீகோட் முறை இருக்கிறது.

பெரும்பாலும் நமக்குத் தேவைப்படுவது படம் வந்த செய்தியே அல்ல, அதன் அளவு. ஐஎம்ஜி டேகில் அகலமும் உயரமும் எழுதியிருந்தால் உலாவி முன்கூட்டியே இடம் ஒதுக்கிவிடும், எழுத்துகள் குதிக்காது. என் தொகுப்பின் 20 படங்களுக்கும் அளவை எழுதினேன். வட்டத்தை எடுத்துவிட்டேன்.