விருந்தாளியின் வேட்டை

வேட்டை பழக வேண்டும் என்று ஓர் இளைஞர் சென்ற மாதம் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். நல்ல பிள்ளை. பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். பூர்விகம் பாலக்கோட்டுப் பக்கம். ஒரு வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அங்கே வசந்த காலத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போனாராம். அந்த ருசி விடவில்லை.

"சார், நீங்க காட்டை வெச்சு நாவல் எழுதினவரு. நம்ம தர்மபுரி ஜில்லாவுல இதை எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு சொல்லுங்க. மானு, பன்னின்னு பெரிசா ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒரு காட்டுக்கோழி போதும்" என்றார்.

ஒரே ஒரு காட்டுக்கோழி போதும். இதே வார்த்தைகளை நான் என் இருபத்திரண்டாவது வயதில் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் அந்தப் பிள்ளையை உடனே எழுந்து போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஜீவகாருண்ய சங்கத்து ஆசாமி அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கறிக்கடை வரிசையில் பார்க்கலாம். கொல்லாமையைப் போதிக்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. என் சண்டை வேறு.

அவர் அமெரிக்க வேட்டையை வர்ணித்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. லைசென்ஸ் வாங்க வேண்டும். முதன்முதலாகத் துப்பாக்கி எடுக்கிறவன் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டுப் பரீட்சை கொடுக்க வேண்டும். வசந்தப் பருவத்தில் சேவலைத்தான் சுடலாம்; மார்பில் தாடிபோல் மயிர்க்கற்றை தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விடியுமுன் காட்டுக்குப் போய், தன் தோள் அகலத்தைவிடப் பருத்த மரமாகப் பார்த்து முதுகைக் கொடுத்து உட்கார வேண்டும். மரம் எதற்கு? பின்னாலிருந்து இன்னொரு வேட்டைக்காரன் சுட்டுவிடாமல் இருப்பதற்கு! சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் தெரியக் கூடாது. அவையெல்லாம் வான்கோழிச் சேவலின் தலை நிறங்கள். வேட்டைக்காரனே கோழியாகிவிடக் கூடாதல்லவா? பிறகு ஒரு மரப்பெட்டியின் மூடியைத் தேய்த்துப் பெட்டைபோலக் கூப்பிட்டுவிட்டு அசையாமல் காத்திருக்க வேண்டும். மணிக்கணக்கில்.

"சார், அங்கே அந்தப் பறவையைக் காப்பாத்தினதே வேட்டைக்காரங்கதான்" என்று ஒரு போடும் போட்டார்.

இதைத் தள்ளிவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்தப் பறவை பூண்டோடு அற்றுப்போயிருந்தது. 1937-ல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியைக் காட்டு உயிர்களுக்கென்று ஒதுக்கச் சட்டம் செய்தார்கள். மிஞ்சியிருந்த கோழிகளை வலை போட்டுப் பிடித்து, அற்றுப்போன காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அவை லட்சக்கணக்கில் திரிகின்றன. வேட்டைக்காரன் காசு கொடுத்தான், பறவை திரும்பி வந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அங்கே வேட்டையாடுகிறவன் அவனே. லைசென்ஸ் அவன் பெயரில். குளிரில் உட்காருகிறவன் அவன். தவறினால் அபராதம் கட்டுகிறவனும் அவன். நம் ஊரில் அப்படியா?

நம்முடைய காட்டுக்கோழியைச் சொல்கிறேன். சாம்பல் உடம்பு, சேவலின் கழுத்து இறகுகளில் அரக்கை உருக்கிச் சொட்டினாற்போல் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள். பிரெஞ்சுக்காரர் சொன்னராவின் பெயரைச் சாஸ்திரத்தில் தாங்கி நிற்கிற பறவை. அந்தக் கழுத்து இறகுக்காகவே, சீமையில் தூண்டில் போடுகிற துரைமார் மீனை ஏமாற்றும் பொய்ப்பூச்சி கட்டுவதற்காக, இங்கே எத்தனையோ சேவல்களின் கழுத்து அறுபட்டது. நம் வீட்டுக் கோழியின் மஞ்சள் தோல் இந்தச் சாம்பல் பறவையிடமிருந்து வந்த சொத்து என்று 2008-ல் உப்சாலா ஆராய்ச்சிக்காரர்கள் கண்டு சொன்னார்கள். ஆக, நம் குழம்புச்சட்டிக்கு அது தூரத்து உறவு. உண்ணிச்செடிப் பழமும் மூங்கிலரிசியும் கறையானும் தின்று, மனிதக் காலடி கேட்டால் புதருக்குள் ஓடி மறைகிற கூச்சக்காரப் பிராணி. அதன் குரலை விடியற்காலையில் கேட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூவ ஆரம்பித்துப் பாதியில் தொண்டை கட்டிக்கொண்டதுபோல் இருக்கும்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி இந்தப் பறவைக்கு வேட்டைப் பருவமும் இல்லை, லைசென்ஸும் இல்லை. பிடித்தால் சிறை. 2014-ல் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் ஐந்நூறு சதுர கிலோமீட்டருக்குமேல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று; 2022-ல் காவிரி தெற்கும் சேர்ந்தது. இதெல்லாம் அந்த இளைஞருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டார். "யாராவது லோக்கல் ஆளைப் புடிச்சா முடியும்னு சொல்றாங்க சார்" என்றார்.

வந்துவிட்டதா விஷயம்! நம் ஊரில் வேட்டை பழகுவது என்றால் லோக்கல் ஆளைப் பிடிப்பது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த ஆளின் பாடு.

2002-ம் வருஷம். கல்லூரியில் இரண்டு வருஷம் பெஞ்சைத் தேய்த்துவிட்டு, எழுத்தாளனாகிவிடுவது என்ற தீர்மானத்தோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்த காலம். பென்னாகரத்துக்கு அப்பால் காட்டோரத்தில் ஒரு சிநேகிதனின் மாமா வீட்டுக்கு நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். என் பையில் கென்னத் ஆண்டர்சன் புத்தகம் ஒன்று. பெங்களூர்க்காரரான அந்த வேட்டைக்காரரின் கதைகளில் பென்னாகரமும் முத்தூரும் சின்னாறும் ஒகேனக்கல்லும் வரிக்கு வரி வரும். நம் ஊர்ப் பெயரை இங்கிலீஷில் அச்சில் பார்க்கிற மயக்கம் ஒன்று உண்டே, அதில் மிதந்துகொண்டிருந்தேன்.

மாமா ஒருவரைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்பது வயதிருக்கும். ஒற்றை வேட்டி, எங்களைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். நான்தான் சொன்னேன்: "ஒரே ஒரு காட்டுக்கோழி போதும்."

"கண்ணி வெச்சா ரெண்டு மூணு நாளு ஆவும் தம்பி. பார்வைச் சேவல் ஒண்ணு இருக்குது, அதைக் கட்டி வெச்சா வரும். பொறுத்துக்கணும்" என்றார்.

இந்தப் பார்வைச் சேவலைப் பற்றி ஒரு வார்த்தை. பழக்கிய பறவையைக் காட்டிக் காட்டுப் பறவையை இழுக்கிற வித்தை அது. அமெரிக்காவில் பெட்டியைத் தேய்த்துச் செய்கிறதை இங்கே உயிருள்ள சேவல் கூவிச் செய்கிறது. சேவல் கூவும், தன் எல்லைக்குள் எவனோ வந்துவிட்டான் என்று காட்டுச் சேவல் ரோஷத்தோடு ஓடி வந்து கண்ணியில் கால் வைக்கும். சத்தமில்லை, மருந்தில்லை, ரத்தமில்லை. பொறுமையும் பரம்பரை ஞானமும் வேண்டிய காரியம்.

எங்களுக்குப் பொறுமை ஏது? மறுநாள் சாயங்காலம் பஸ். "துப்பாக்கி இருக்குமே?" என்றேன். அவர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். கடைசியில் நாட்டுத் துப்பாக்கி எங்கிருந்தோ வந்தது. கரிமருந்து கெட்டித்து ஈய ரவை போட்டுச் சுடுகிற பழைய சாமான். நான் கூடப் போகவில்லை. மூட்டமாக இருந்தது, படுத்துக்கொண்டேன்.

அது எந்தக் காலம் என்பதை யோசியுங்கள். வீரப்பன் உயிரோடிருந்த காலம். 2004 அக்டோபர் 18-ல் பாப்பாரப்பட்டி அருகே அவன் சுடப்பட்டுச் சாகிறவரையில், அந்தக் காட்டோரத்தில் அரிசி மூட்டை சுமந்து போனவன்கூட, யாருக்கு இந்த அரிசி என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட காட்டில் ஓர் ஏழையைத் துப்பாக்கியோடு அனுப்பினேன். ஒரு வெடி கேட்டது. பத்து மணிக்குக் கோழி வந்தது. மத்தியானம் சாப்பிட்டோம். சாயங்காலம் பஸ் ஏறினோம்.

அந்த ஒரு வெடி எனக்கு மட்டுமா கேட்டிருக்கும்? இரண்டு நாள் கழித்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோழிக்காகவா, துப்பாக்கிக்காகவா, வேறு எதையாவது கேட்கவா என்று அவர் மனைவிக்குச் சொல்லுவாரில்லை. திரும்பி வந்தபோது வலது கை தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. இதெல்லாம் நான்கு மாதம் கழித்துச் சிநேகிதன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் இருநூறு ரூபாய் மணியார்டர் செய்தேன். விலாசதாரர் ஊரில் இல்லை என்று திரும்பி வந்தது. விசாரித்துப் போய்ப் பார்த்தேனா? இல்லை. பயம். என் பெயரை அவர் சொன்னாரா என்று ஒரு வருஷம் பயந்துகொண்டிருந்தேன். அவருக்கு என் பெயரே தெரியாது என்பது பிற்பாடுதான் உறைத்தது.

ஆண்டர்சனுக்கு வருகிறேன். அவருடைய முதல் புத்தகம் 1954-ல் வெளிவந்தது. 1974-ல் அவர் காலமானார். அவர் எழுத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பைரா என்ற பூசாரியையும் பென்னாகரத்து ரங்காவையும் பெயர் சொல்லி எழுதினார். அவர்கள் திருட்டு வேட்டைக்காரர்கள் என்பதையும் ஒளிக்கவில்லை. பாருங்கள், அந்த வார்த்தையை! ஒரே காடு, ஒரே சின்னாற்றங்கரை. துரை சுட்டால் சிகார். பூசாரி சுட்டால் திருட்டு. 1882-ம் வருஷத்து மதராஸ் வனச் சட்டம் கிழித்த கோடு அது. தலைமுறை தலைமுறையாகக் கண்ணி வைத்துச் சாப்பிட்டவன் ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது திருடனாகியிருந்தான். துரைகள் போனார்கள். 1972-க்குப் பிறகு சிகாரும் போயிற்று. திருடன் என்ற பெயர் மட்டும் இடம் மாறவில்லை. விருந்தாளி மாறிக்கொண்டே இருக்கிறார்.

அப்படியானால் சட்டம் வேண்டாமா? வேண்டும். 1972-ம் வருஷத்துச் சட்டம் இல்லையென்றால் இன்று சரணாலயமும் இராது, விடியற்காலைக் கூவலும் இராது. கேட்டவர், வாங்கியவர், தின்றவர் யாரையும் அந்தச் சட்டத்தின் கை எட்டமாட்டேன் என்கிறதே, அதைத்தான் கேட்கிறேன். அரூர்ப் பக்கம் வாச்சாத்தி இருக்கிறது. சந்தன மரம் பதுக்கியிருக்கிறார்கள் என்று 1992 ஜூனில் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாழாக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், எல்லாரும் சர்க்கார் சிப்பந்திகள். உயிரோடிருந்த 215 பேரையும் 2011-ல் கோர்ட் தண்டித்தது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதி முப்பது வருஷம் நடந்து வந்து சேர்ந்தது. சரி, அந்தச் சந்தனத்தை விலை கொடுத்து வாங்கியவர்கள்? சோப்பும் தைலமும் ஊதுவத்தியுமாக அனுபவித்தவர்கள்? அவர்கள் வீட்டுக்குள் யார் புகுந்தார்கள்?

அமெரிக்க வான்கோழி நியாயம் இங்கே செல்லாமல் போவது இந்த இடத்தில்தான். நாளைக்கே லைசென்ஸ் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். யாருக்குக் கிடைக்கும்? துப்பாக்கி வாங்கவும் பரீட்சை எழுதவும் கட்டணம் கட்டவும் முடிந்தவருக்கு. பெங்களூர்ப் பிள்ளைக்குக் கிடைக்கும். கண்ணி வைக்கத் தெரிந்தவர் அவருக்குச் சோற்றுமூட்டை சுமப்பார். மறுபடியும் துரை, மறுபடியும் பைரா. புத்தகம் எழுதவாவது அந்தத் துரைக்குத் தெரிந்தது.

இவ்வளவையும் நான் அந்த இளைஞரிடம் ஒழுங்காகச் சொல்லிவிடவில்லை. கோபத்தில் பாதியைத்தான் சொன்னேன். வான்கோழிதான் வேண்டுமென்றால் பண்ணைகளில் இருக்கிறது, கால்நடைப் பல்கலைக்கழகமே நந்தனம் என்ற பெயரில் ஓர் இனம் விட்டிருக்கிறது, வாங்கி வறுத்துத் தின்னுங்கள் என்று கொஞ்சம் அசட்டுத்தனமாகவும் பேசினேன். மரத்தில் முதுகு சாய்த்து விடியலில் அசையாமல் உட்காருகிற சுகம்தான் வேண்டுமென்றால் அதற்குத் துப்பாக்கி எதற்கு என்றும் கேட்டேன். பாவம், அவர் முகம் சுண்டிவிட்டது. காப்பி வந்தது. இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் குடித்தோம்.

போகும்போது வாசலில் நின்று, "அன்னிக்கு நீங்க சாப்பிட்டது எப்படி சார் இருந்தது?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

வேகவில்லை என்றேன். இரண்டு மணி நேரம் அடுப்பில் கிடந்தும் நாராகத்தான் இருந்தது. பல்லில் ஈய ரவை ஒன்று கடிபட்டது. எடுத்து இலை ஓரத்தில் வைத்தேன். அவர்தான் இலை எடுத்தார்.