அடைத்த கதவைத் திறக்கும் முறை



2020-ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. பள்ளிவாசலின் கதவுகள் சாத்தப்பட்டன. பாங்கொலி எழுந்தது, ஆனால் அவ்வழைப்பை ஏற்றுப் படியேறுவார் இல்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில், ஜும்ஆவுக்குச் செல்ல வேண்டிய கால்கள் வீட்டுக்குள்ளேயே லுஹர் தொழுகைக்கு நின்றன. அந்நாட்களை நாம் நன்கு நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அடைத்தவை எவ்வாறு திறக்கப்பட்டன, எந்த வரிசையில் திறக்கப்பட்டன, யார் முதலில் உள்ளே வந்தார்கள், யார் இறுதிவரை வெளியே நின்றார்கள் என்பனவற்றை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

அடைப்பதற்கு ஓர் ஆணை போதும். திறப்பதற்கோ பொறுமையும், கணக்கும், நீதியும் வேண்டும். கொரோனாப் பெருந்தொற்றால் விதிக்கப்பட்டிருந்த உலகளாவிய அவசரநிலை முடிவுற்றதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. இத்தகைய நோய் இனி வாராது என்று உறுதி கூறுவார் எவருமிலர். ஆதலின் ஒரு சமுதாயம் தன் வாழ்வை மீண்டும் எவ்வாறு திறந்துகொள்ள வேண்டும் என்பதை, அச்சமும் அவசரமும் அற்ற வேளையில் சிந்தித்து வைப்பது அறிவுடைமையாகும். அதற்கு நம் கண்முன்னே நிகழ்ந்த சான்று ஒன்று உண்டு. நாம் நாள்தோறும் முகம் திருப்பி நிற்கும் புனித மக்காவே அது.

ஹரம் திறந்த வரலாறு

2020 பிப்ரவரி 27 அன்று வெளிநாட்டவர் உம்ராவுக்கு வருவது நிறுத்தப்பட்டது. மார்ச் 4 அன்று உள்நாட்டில் வாழ்வோருக்கும் அது நிறுத்தப்பட்டது. மார்ச் 17 அன்று இரு புனிதப் பள்ளிகள் நீங்கலாக அந்நாட்டின் ஏனைய பள்ளிவாசல்கள் அனைத்திலும் கூட்டுத் தொழுகை நிறுத்தப்பட்டது. இரவென்றும் பகலென்றும் பாராது மக்கள் வெள்ளம் சுழன்று வரும் கஃபாவின் முற்றம் வெறிச்சோடிக் கிடந்த காட்சியைக் கண்டு கண்ணீர் வடிக்காத முஸ்லிம் இல்லம் எது?

பின்னர்த் திறப்பு தொடங்கியது. மே 31 அன்று மக்கா நகர் நீங்கலாக மற்ற ஊர்களின் பள்ளிவாசல்கள் திறந்தன. ஒளுவை வீட்டிலேயே முடித்து, சொந்த முஸல்லாவைக் கையோடு கொண்டுவந்து, இருவருக்கிடையே இரண்டு மீட்டர் விட்டுத் தொழ வேண்டும் என்பது விதி. மக்காவின் பள்ளிவாசல்கள் மூன்று வாரம் கழித்து, ஜூன் 21 அன்றே திறந்தன. உலகிலேயே புனிதமான நகர் மற்ற ஊர்களுக்குப் பின்னே காத்து நின்றது. ஊரின் சிறப்பைப் பாராமல் நோயின் நிலையைப் பார்த்தே கதவு திறக்கப்பட வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அவ்வாண்டு ஹஜ் நின்றுவிடவில்லை. ஆனால் மிகச் சுருங்கியது. அந்நாட்டில் வாழ்வோரிலிருந்து ஆயிரம் பேர் அளவிலேயே ஹாஜிகள் இருப்பர் என அறிவிக்கப்பட்டது. சவூதி மக்களுக்குரிய இடங்கள், நோயுற்றுக் குணமடைந்த மருத்துவப் பணியாளர்க்கும் காவற் பணியாளர்க்கும் அளிக்கப்பட்டன. பிறருக்காகத் தம்மை இடருக்குள்ளாக்கிக் கொண்டவர் முதலில் உள்ளே வரட்டும் என்ற அம்முடிவில் ஒரு நீதி இருந்தது.

உம்ரா அக்டோபர் 4 அன்று மீண்டும் தொடங்கியது. முதற்படியில் நாளொன்றுக்கு 6,000 பேர். ஒவ்வொருவருக்கும் தவாபும் தொங்கோட்டமும் நிறைவேற்ற மூன்று மணி நேரம். அக்டோபர் 18 முதல் 15,000 பேர். நவம்பர் 1 முதல் 20,000 பேர். வெளிநாட்டவர்க்கும் அப்போதே வழி திறந்தது. 2021-இன் ஹஜ்ஜுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்ட உள்நாட்டுவாசிகள் 60,000 பேர் அனுமதிக்கப்பட்டனர். 2021 அக்டோபர் 17 அன்று இடைவெளிக் குறிகள் தரையிலிருந்து அகற்றப்பட்டு, தோளோடு தோள் சேர்ந்த தொழுகை ஹரமில் மீண்டும் நிகழ்ந்தது. ஆனால் ஒமிக்ரான் என்னும் புதுவகைக் கிருமி பரவவே, டிசம்பர் இறுதியில் அக்குறிகள் மீண்டும் ஒட்டப்பட்டன. 2022 மார்ச் மாதம் அவை மறுபடி நீக்கப்பட்டன. அவ்வாண்டு ஹஜ்ஜுக்குப் பத்து இலட்சம் பேர் என வரம்பிடப்பட்டது. 2023-இல் அவ்வரம்பும் நீங்கி, பதினெட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அரஃபாத்தில் நின்றனர். நோய்க்கு முந்திய 2019-இல் அத்தொகை ஏறக்குறைய இருபத்தைந்து இலட்சம்.

படிகள் ஏன்?

அன்பர்களே! ஒரேயடியாகத் திறந்துவிட்டால் என்ன என்று அன்று கேட்டவர் பலர். இந்நோய் உடலுக்குள் புகுந்த அன்றே தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அறிகுறி தோன்றப் பதினான்கு நாள் வரை ஆகலாம் என மருத்துவர்கள் அக்காலத்தில் கணக்கிட்டனர். இன்று திறந்த கதவின் விளைவு இரண்டு வாரம் கழித்தே தெரியவரும். உம்ராவின் முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையே பதினான்கு நாள். இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே மீண்டும் பதினான்கு நாள். கடைவீதி, கல்விக்கூடம், தொழுகைக்கூடம், திருமணக்கூடம் என எல்லாக் கதவுகளையும் ஒரே நாளில் திறந்துவிட்டால், நோய் எவ்வழியே புகுந்தது என்பதைப் பின்னர்க் கண்டறிய இயலாது. ஒன்றைத் திறந்து, விளைவைப் பார்த்து, அடுத்ததைத் திறப்பவனே வழியறிந்து நடப்பவன் ஆவான்.

பின்வாங்கவும் துணிவு வேண்டும். அகற்றிய குறிகளை மீண்டும் ஒட்டுவது எவருக்கும் உவப்பான செயலன்று. ஆயினும், நிலைமை மாறினால் ஒரு படி இறங்க நேரும் என்று முன்கூட்டியே மக்களிடம் சொல்லிவைத்தால், இறங்கும்போது நம்பிக்கை குலையாது. சொல்லாமல் இறங்கினால் அடுத்த ஆணையை எவரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

நமது சட்ட அறிஞர்கள் வகுத்த அடிப்படை விதி ஒன்று இங்குப் பெரிதும் பயன்படும். நெருக்கடியால் அனுமதிக்கப்படுவது, அந்நெருக்கடியின் அளவுக்கே அனுமதிக்கப்படும் என்பது அதன் கருத்து. இவ்விதிக்கு இரு முனைகள் உண்டு. ஆபத்து நீங்குமுன் கட்டுப்பாட்டைத் தளர்த்துவது பிழை. ஆபத்து நீங்கிய பின்னும் கட்டுப்பாட்டை வைத்திருப்பதும் அதே அளவு பிழையே. மக்கள் முன்னதை மறக்கிறார்கள். அதிகாரம் பின்னதை மறக்கிறது.

நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். 2020 செப்டம்பர் 1 அன்று தமிழகத்தின் வழிபாட்டுத் தலங்கள் மீண்டும் திறந்தன. 2021-இல் இரண்டாம் அலைக்குப் பின், கூட்டம் மிகும் நாட்கள் எனக் கருதி வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களிலும் அவை மக்களுக்கு மூடப்பட்டன. அக்டோபர் நடுவிலேயே அக்கட்டுப்பாடு நீங்கியது. வாரத்தின் மற்ற நாட்களில் கதவு திறந்திருந்தும், ஜும்ஆ நாளில் அது சாத்தியிருந்ததை நம் மக்கள் பொறுமையுடன் ஏற்றனர். அப்பொறுமைக்கு ஆட்சியாளர் செலுத்த வேண்டிய கடன் இரண்டு: இன்ன காரணத்துக்காக மூடுகிறோம் என்று விளங்கச் சொல்வது ஒன்று, இன்ன நிலை வந்ததும் திறப்போம் என்று எல்லை காட்டுவது மற்றொன்று. எல்லை தெரிந்த கட்டுப்பாட்டை மனிதன் தாங்குவான். எல்லையற்ற கட்டுப்பாடு அவனை ஒன்று அடிமையாக்கும், அல்லது மீறுபவனாக்கும்.

அம்வாஸ் கற்பிக்கும் பாடம்

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டில், கி.பி. 639-இல், ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவிற்று. கலீபா உமர் (ரலி) அவர்கள் எல்லைவரை சென்று, நோயின் செய்தி அறிந்து மதீனாவுக்குத் திரும்பியதை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். நோயுள்ள ஊருக்குள் செல்லாதீர், அங்கிருப்பின் தப்பி வெளியேறாதீர் என்னும் கருத்தில் அமைந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையும் நாம் அறிந்ததே. அபூ உபைதா (ரலி), முஆத் இப்னு ஜபல் (ரலி) போன்ற பெருந்தகைகளை அந்நோய் கொண்டு சென்றது. பின்னர்ப் பொறுப்பேற்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைப்பகுதிகளுக்குப் பிரிந்து செல்லச் செய்தார்கள், நோய் தணிந்தது.

இதற்குப் பின் நிகழ்ந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நோய் நீங்கியதும் உமர் (ரலி) அவர்கள் தாமே மீண்டும் ஷாமுக்குப் பயணம் மேற்கொண்டார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மாண்டோரின் சொத்துக்களை உரியவர்க்குப் பங்கிட்டுக் கொடுப்பது அப்பயணத்தின் முதன்மையான நோக்கம். தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் சகோதரன் என அடுத்தடுத்து மறைந்த குடும்பங்களில், எது எவருக்கு உரியது என்றே தெரியாத நிலை இருந்தது. பொறுப்பில் இருந்தோர் மறைந்து பல பதவிகள் வெறுமையாயின. இவற்றையெல்லாம் கலீபா சீர்செய்தார்கள். சந்தை திறந்துவிட்டது, சாலை திறந்துவிட்டது, இனி எல்லாம் தானாகச் சரியாகும் என்று அவர்கள் மதீனாவில் அமர்ந்துவிடவில்லை. இழந்தோரின் உரிமை அவர்கள் கையில் சேரும்வரை நோய்க்காலம் முடியவில்லை என்பதே அப்பயணத்தின் பொருள்.

எஞ்சியுள்ள இறுதிப் படி

இப்படியை நாம் ஏறிவிட்டோமா? ஹஜ்ஜையே எடுத்துக்கொள்வோம். 2020-இல் இந்தியாவில் ஹஜ்ஜுக்காகக் காத்திருந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பணம் திருப்பித் தரப்பட்டது. 2021-இலும் வழியில்லை. 2022-இல் வழி திறந்தபோது, அறுபத்தைந்து வயதுக்கு உட்பட்டோர் மட்டுமே என்ற விதி வந்தது. சென்னையிலிருந்து ஹஜ் விமானமும் இல்லை. நம் ஹாஜிகள் கொச்சி சென்று புறப்பட்டனர். 2020-இல் அறுபத்து நான்கு வயதில் பயணத்துக்கு ஆயத்தமாகி நின்றவர், 2022-இல் அவ்வயதைக் கடந்துவிட்டார். முதியவர்க்கு நோய் கொடியது என்பதால் விதி நியாயமானதே. ஆயினும் நெடுங்காலம் காத்திருந்தவர்க்கே கதவு கடைசியாகத் திறந்தது. 2023-இல் வயது வரம்பு நீங்கியது. சென்னையும் மீண்டும் புறப்பாட்டு இடமாயிற்று. எழுபது வயது கடந்தோர்க்குக் குலுக்கலின்றி இடமளிக்கும் முறையும் திரும்பியது. அதற்குள் கண்மூடியவர்களோ பலர். ஹஜ் கடமையான நிலையில் வாய்ப்பின்றி மறைந்த பெற்றோரை உடையவர்கள், அவர்களுக்காகப் பதில் ஹஜ் செய்வது குறித்து உலமாக்களிடம் கேட்டறிந்து நிறைவேற்றுவது இவ்விறுதிப் படியின் ஒரு பகுதியாகும்.

நம் மஹல்லாக்களிலும் எஞ்சிய கணக்கு உண்டு. அந்நாட்களில் கணவனை இழந்த கைம்பெண்கள், கடை அடைபட்டதால் கடன்பட்டவர்கள், பள்ளிப் படிப்பை விட்டு வேலைக்குச் சென்று இன்னும் திரும்பாத பிள்ளைகள், ஜும்ஆ வசூல் நின்றதால் ஊதியம் குறைந்த இமாம்களும் முஅத்தின்களும் நம்மிடையேதான் வாழ்கிறார்கள். ஜகாத் பெறத் தகுதியுடையோர் எனத் திருமறை குறிப்பிடும் எட்டு வகையினருள் கடன்பட்டோரும் அடங்குவர். ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, இத்தகையோரின் பட்டியலை எழுதட்டும். கொள்ளைநோய்க் காலத்தின் கடன் இன்னும் தீராதவர் யார், பங்குரிமை இன்னும் கிடைக்காத பெண் யார், படிப்பைத் தொடர விரும்பும் பிள்ளை யார் என்று கேட்டறியட்டும். ஆண்டுகள் சில கடந்துவிட்டன என்பதால் உரிமை காலாவதியாகிவிடாது.

அன்புச் சகோதர சகோதரிகளே! தொழுகை வரிசையில் ஒருவர்க்கொருவர் விட்ட இடைவெளி மறைந்து நெடுநாளாயிற்று. அவ்வரிசைக்கே திரும்ப முடியாதபடி வறுமையாலும் துயராலும் விலகி நிற்பவரைத் தேடிச் சென்று அழைத்து வரும் நாளிலேயே நம் கதவு முழுமையாகத் திறந்ததாகும். அந்நாளை விரைவில் காணும் பேற்றினை எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.